இரவல் பெர்மிட்டில் லாரி ஓடலாமா?

தோட்டத்தில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு வெளியே வரும் ஒரு குடும்பத்தின் கையில், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெரிய தொகை ஒன்று சேர்கிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து வரும் பணம் அது. அந்தப் பணம் வங்கிக் கணக்கில் விழுந்த செய்தி எப்படித்தான் ஊருக்குத் தெரியுமோ! ஒருவர் நிலம் வாங்கச் சொல்வார். ஒருவர் நகையில் போடச் சொல்வார். இன்னொருவர் வந்து, "அண்ணே, மகன்தான் நன்றாக லாரி ஓட்டுகிறானே! ஒரு லாரியைப் போட்டுவிடுங்கள். பெர்மிட் பற்றிக் கவலை வேண்டாம். நம்ம தவுக்கேயிடம் இருக்கிறது. மாதம் ஏதாவது கொடுத்தால் போதும்" என்பார்.

வாசகர்களே, இந்தக் கடைசி மனிதரின் பேச்சைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறோம். லாரித் தொழில் கெட்ட தொழில் அல்ல. நம் பிள்ளைகள் பலர் அதில் கௌரவமாகப் பிழைக்கிறார்கள். ஆனால், "பெர்மிட் பற்றிக் கவலை வேண்டாம்" என்ற அந்த ஒரு வாக்கியத்தில்தான் பல குடும்பங்களின் சேமிப்பு கரைந்து போகிறது. லாரித் தொழிலில் முதலில் கவலைப்பட வேண்டியதே பெர்மிட் பற்றித்தான்.

பெர்மிட் யார் கொடுப்பது?

சொந்தக் காரைச் சாலையில் ஓட்டுவதற்குப் பதிவும் காப்புறுதியும் சாலை வரியும் போதும். லாரிக்கு அது போதாது. சரக்கு ஏற்றுவது ஒரு தொழில். அந்தத் தொழிலை நடத்த அரசாங்கத்தின் தனி லைசென்ஸ் வேண்டும். அதைத்தான் நாம் பெர்மிட் என்கிறோம்.

இந்தப் பொறுப்பு காலத்துக்குக் காலம் கை மாறி வந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டில் வர்த்தக வாகன லைசென்ஸ் வாரியச் சட்டம் வந்தது. பழைய டிரைவர்கள் எல்.பி.கே.பி. என்று சொல்லக் கேட்டிருப்பீர்களே, அந்த வாரியம்தான் அது. பிறகு 2010ஆம் ஆண்டின் நிலப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. தீபகற்பத்தில் அந்த வேலையை ஸ்பாட் என்னும் ஆணையம் ஏற்றது. 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஸ்பாட் கலைக்கப்பட்டு, போக்குவரத்து அமைச்சின் கீழ் ஆப்பாட் என்னும் நிறுவனம் பொறுப்பேற்றது. எனவே தீபகற்பத்தில் லாரி பெர்மிட்டுக்கு ஆப்பாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சபாவிலும் சரவாக்கிலும் இன்றும் எல்.பி.கே.பி.தான்.

போக்குவரத்து என்பது கூட்டரசு அதிகாரத்தில் உள்ள விஷயம். பேராவுக்கு ஒரு சட்டம், ஜொகூருக்கு ஒரு சட்டம் என்று கிடையாது. ஆனால் கையில் கிடைக்கும் பெர்மிட்டில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். எந்த வண்டி, எந்த வகைச் சரக்கு, எந்த வட்டாரம் என்பதை வரி வரியாகப் படிக்க வேண்டும். "எல்லாரும்தான் ஓடுகிறார்கள்" என்று ஈப்போவிலிருந்து பாசிர் கூடாங்குக்குப் புறப்பட்டுவிட்டு, வழியில் நிறுத்தப்படும்போது படிப்பதில் பயனில்லை.

ஏ என்றால் என்ன, சி என்றால் என்ன?

சாலையில் போகும் லாரியின் கதவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "லெசன் பெம்பாவா ஏ" அல்லது "லெசன் பெம்பாவா சி" என்று எழுதியிருக்கும். இந்த ஒற்றை எழுத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஏ என்பது கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்றுவதற்கு. சி என்பது சொந்த வியாபாரத்தின் சரக்கை ஏற்றுவதற்கு மட்டும்.

உதாரணமாக, உங்கள் தம்பி காய்கறிக் கடை வைத்திருக்கிறார். கேமரன் மலையிலிருந்து தம் கடைக்குக் கோசும் கேரட்டும் தம் லாரியில் கொண்டுவருகிறார். அது சி. திரும்பி வரும் வழியில் வேறொரு கடைக்காரரின் மூட்டைகளைக் கூலி பேசி ஏற்றினால்? அந்த நிமிஷமே அது ஏ வேலை. சி பெர்மிட்டில் அதைச் செய்யக் கூடாது.

செம்பனையிலும் இதே கணக்குதான். உங்கள் சொந்த மூன்று ஏக்கர் தோட்டத்துக் குலையை உங்கள் வண்டியில் ஆலைக்குக் கொண்டுபோவது ஒன்று. பக்கத்து நிலக்காரர்களின் குலையை டன்னுக்கு இவ்வளவு என்று பேசி ஏற்றுவது வேறு. பின்னது கூலி வேலை.

இது வெறும் எழுத்து வித்தியாசம் அல்ல. லாரிக்கான காப்புறுதியும் இந்த எழுத்தைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. சி என்று காப்புறுதி எடுத்துவிட்டு ஏ வேலை செய்யும்போது விபத்து நடந்தால், "இந்த உபயோகத்துக்கு நாங்கள் காப்புறுதி தரவில்லையே" என்று கம்பெனி கேட்க இடம் உண்டு.

முறையான வழி எது?

முறைப்படி செய்ய விரும்புவோர் படிகளை வரிசையாக ஏற வேண்டும். வரிசை மாறினால் பணம் முடங்கும்.

முதற்படி, தொழிலைப் பதிவு செய்வது. எஸ்.எஸ்.எம். என்னும் மலேசியக் கம்பெனிகள் ஆணையத்தில் இதைச் செய்ய வேண்டும். சாதாரண வியாபாரப் பதிவு என்றால், அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயருக்கு ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயருக்கு 60 வெள்ளி. தொழிலைத் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். கூலிக்குச் சரக்கு ஏற்றும் ஏ பெர்மிட்டுக்குச் 'செண்டிரியான் பெர்ஹாட்' கம்பெனியும் அதில் செலுத்திய மூலதனமும் எதிர்பார்க்கப்படுகின்றன. 2016ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி ஒருவரே ஒரு கம்பெனியைத் தொடங்கலாம். இரண்டாவது ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. ஆனால் கம்பெனி என்றால் செயலாளர் வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். எந்தச் சரக்குக்கு எவ்வளவு மூலதனம் காட்ட வேண்டும் என்பதைக் கம்பெனியைப் பதிவதற்கு முன்பே ஆப்பாட் முகப்பில் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி, பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது. யாருக்குச் சரக்கு ஏற்றப் போகிறீர்கள், வேலை இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆலையிடமிருந்தோ தோட்டத்திடமிருந்தோ ஒரு கடிதம் வாங்கி வைத்திருப்பது நல்லது. அனுமதிக் கடிதம் கையில் வரும்வரை லாரிக்கு முன்பணம் கட்டாதீர்கள். பெர்மிட் வருவதற்குள் வாங்கிய லாரி கொல்லையில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது.

மூன்றாம் படி, வண்டியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில், அதாவது ஜே.பி.ஜே.யில், பதிவது. காப்புறுதியும் சாலை வரியும் அதோடு சேர்ந்தவை.

நான்காம் படி, வண்டிச் சோதனை. 1994 முதல் புஸ்பகோம் இதைச் செய்துவருகிறது. அதற்கிருந்த தனியுரிமை 2024இல் முடிந்து, மற்றக் கம்பெனிகளுக்கும் இத்துறை திறந்துவிடப்பட்டது. யார் செய்தாலும் விதி ஒன்றுதான். லாரி போன்ற வர்த்தக வண்டியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். ஆண்டில் இந்த இரண்டு முறைக்கும் வேலையும் செலவும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி, ஓட்டுபவரின் லைசென்ஸ். கார் ஓட்டும் டி லைசென்ஸ் கன லாரிக்கு உதவாது. எடைக்கு ஏற்ப இ வகை லைசென்ஸ் வேண்டும். அதற்கு மேல் ஜி.டி.எல். என்னும் சரக்கு வண்டி ஓட்டும் தொழில் லைசென்ஸ் வேண்டும். அதற்கு டாக்டரின் உடற்பரிசோதனை உண்டு. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் அதை மறைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. தூக்கம் கலையாத கண்ணோடு முப்பது டன் இரும்பை ஓட்டுவது தம் உயிரோடும் பிறர் உயிரோடும் விளையாடுவது.

இரவல் சேலையின் கதை

இத்தனை படி இருக்கிறதே என்று மலைப்பாகத்தான் இருக்கும். அந்த மலைப்பைப் பயன்படுத்திக்கொண்டுதான் பெர்மிட்டைக் குத்தகைக்கு விடுபவர்கள் வருகிறார்கள்.

அவர்கள் செய்வது இதுதான். ஒரு கம்பெனி தன் பெயரில் பல பெர்மிட் வாங்கி வைத்திருக்கிறது. நீங்கள் லாரிக்கு முன்பணம் தருகிறீர்கள். லாரி அந்தக் கம்பெனியின் பெயரில் பதிவாகிறது. ஏனென்றால் பெர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ, வண்டியும் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும். வங்கிக் கடனும் கம்பெனியின் பெயரில். மாதத் தவணையை நீங்கள் கம்பெனியிடம் கட்டுகிறீர்கள். பெர்மிட்டுக்கு வாடகை தனி. கதவில் எழுதியிருப்பதும் கம்பெனியின் பெயர்தான். டயர் மாற்றுவது, டீசல் அடிப்பது, சம்மன் கட்டுவது மட்டும் உங்கள் பெயரில்!

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாமா?" என்று நம் பாட்டிமார்கள் கேட்பார்கள். இந்த வியாபாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா? மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, லாரி உங்களுடையது அல்ல. ஐந்து வருஷம் தவணை கட்டி முடித்தாலும், கெரானில் இருப்பது கம்பெனியின் பெயர். நீங்கள் கட்டிய பணத்தைக் கம்பெனி வங்கியில் கட்டாமல் வேறு கடனுக்குத் திருப்பிவிட்டால், வங்கியின் ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போவது நீங்கள் ஓட்டும் லாரியைத்தான். "நான் ஒழுங்காகக் கட்டினேனே" என்று நீங்கள் அழுதாலும், வங்கிக்கு உங்களைத் தெரியாது.

இரண்டாவது, அது சட்டப்படி செல்லாத ஏற்பாடு. பெர்மிட் என்பது ஒருவரின் தகுதியைப் பார்த்து அவருக்குக் கொடுக்கப்படுவது. அதை அவர் இஷ்டப்படி இன்னொருவருக்கு மாற்றிவிட முடியாது. குத்தகை விட்டது தெரிந்து பெர்மிட் பறிக்கப்பட்டால், அன்றோடு உங்கள் பிழைப்பும் நிற்கும். சட்டத்துக்குப் புறம்பான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நியாயம் கேட்பதும் கடினம்.

மூன்றாவதுதான் மிகவும் கொடியது. விபத்து நடந்தால் உங்கள் மகன் யார்? அவன் அந்தக் கம்பெனியின் தொழிலாளியா? சம்பளச் சீட்டு இல்லை. சொக்சோ சந்தா இல்லை. லாரியின் சொந்தக்காரனா? கெரானில் பெயர் இல்லை. தொழிலாளிக்குரிய பாதுகாப்பும் கிடையாது, முதலாளிக்குரிய உரிமையும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே தொங்குகிறான்.

சட்டம் கட்டாயமாக்கியுள்ள காப்புறுதி மூன்றாம் நபருக்கு உரியது. சாலையில் அடிபட்டவருக்கு அது உதவும். லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவனுக்கு உதவாது. அவனுக்குக் கை கொடுக்க வேண்டியது சொக்சோ. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி முதலாளி சந்தா கட்டியிருந்தால், வேலை விபத்தில் இறந்தவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். சந்தாவே கட்டப்படாமல் இருந்தால், அந்தக் குடும்பம் சவ அடக்கத்துக்கே கடன் வாங்க வேண்டிவரும்.

2025ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் நடந்த கோர விபத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சரளைக்கல் ஏற்றிய லாரியோடு மோதியதில் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அரசாங்கம் கன வண்டிகள்மீது பிடியை இறுக்கியது. 2025 அக்டோபர் 1 முதல் லாரிகளிலும் பஸ்களிலும் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி தடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றிய விதி கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தது. பெர்மிட்டைக் குத்தகைக்கு விடும் பழக்கத்தையும் அதிகாரிகள் இப்போது கவனித்துப் பார்க்கிறார்கள். "இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லையே" என்ற சமாதானம் இனி எடுபடாது.

கடன் வாங்குமுன் ஒரு கணக்கு

பெர்மிட் சொந்தமாகவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கடன்.

100,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி, ஐந்து வருஷம் என்று ஓர் உதாரணம் போடுவோம். ஆண்டுக்கு வட்டி 4,000 வெள்ளி. ஐந்து வருஷத்துக்கு 20,000. ஆக மொத்தம் 120,000 வெள்ளியை 60 மாதத்தில் கட்ட வேண்டும். மாதம் 2,000 வெள்ளி. இது தவணை மட்டும். டீசல், டயர், எண்ணெய், காப்புறுதி, சோதனை, பழுது எல்லாம் இதற்கு மேல்.

செம்பனை ஏற்றும் தொழிலில் வருஷம் முழுவதும் ஒரே அளவு வேலை இருக்காது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குலை குவியும். ஆண்டுத் தொடக்கத்தில் மரம் ஓய்வெடுக்கும். மரம் ஓய்வெடுத்தாலும் வங்கி ஓய்வெடுக்காது. எனவே நல்ல மாத வருமானத்தை வைத்துக் கணக்குப் போடாமல், மோசமான மாத வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் தவணை கட்ட முடிந்தால் துணிந்து இறங்குங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கார், மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்கு 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒரு குடைபோல நிற்கிறது. தவணை தவறினால் வண்டியை இழுப்பதற்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவகாசம் தர வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. ஆனால் சரக்கு வண்டி என்றால், சரக்கோடு சேர்ந்த எடை 2,540 கிலோவுக்கு மேற்படாதவற்றுக்கே அந்தச் சட்டம் பொருந்தும். அதற்கு மேல் எடையுள்ள லாரிக்கு அந்தக் குடை கிடையாது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். ஆகவே எத்தனை தவணை தவறினால் லாரியை எடுப்பார்கள், தாமதக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு கழிவு என்ற மூன்றையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய லாரி வாங்குவோர், பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை தேறியதா என்று பாருங்கள். வண்டிமேல் வங்கியின் உரிமைக் கோரிக்கை நிற்கிறதா, கட்டாத சம்மன் இருக்கிறதா என்று ஜே.பி.ஜே.யில் விசாரியுங்கள். "கெரான் பிறகு தருகிறேன்" என்பவரிடம், "பணமும் பிறகு தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

கதவில் எழுதிய இரண்டு எண்கள்

லாரிக் கதவில் பி.டி.எம்., பி.டி.எம். என்று தமிழில் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று 'பெராட் தன்பா முவாத்தான்', அதாவது சரக்கில்லாத வெறும் வண்டியின் எடை. மற்றது 'பெராட் டெங்கான் முவாத்தான்', அதாவது சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரியும். வெறும் வண்டி 2,400 கிலோ, அனுமதித்த மொத்தம் 5,000 கிலோ என்றால், 2,600 கிலோதான் ஏற்றலாம்.

செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது. நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும். அந்த அவசரத்தில், இரண்டு நடையில் போக வேண்டியதை ஒரே நடையில் ஏற்றிவிடுகிறார்கள். கூலி டன்னுக்குத்தானே! ஆனால் எடை கூடக் கூடப் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கும் தூரம் கூடுகிறது. டயர் சூடேறி வெடிக்கிறது. நிறுத்தியவுடன் எடை பார்க்கும் மேடை காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஒரு நடையை மிச்சம் பிடித்து, ஒரு மாத வருமானத்தை அபராதமாகக் கட்டுவது என்ன கணக்கு?

குலை ஏற்றுவோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மலேசியச் செம்பனை வாரியத்தின் லைசென்ஸ் உள்ளவர்களிடையேதான் குலை கை மாற வேண்டும். யாருடைய குலை, எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்கான தாள் லாரியில் இருக்கட்டும். தாள் இல்லாத குலையைத் திருட்டுக் குலை என்று சந்தேகிக்க இடம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு எழக்கூடிய சில கேள்விகள்

"மகன் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிறான். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?"

சம்பளத்துக்கு ஓட்டுபவரும் பார்க்க வேண்டியவை உண்டு. பெர்மிட் நடப்பில் இருக்கிறதா, ஆறு மாதச் சோதனை முடிந்ததா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், அவர் தொழிலாளி என்றால் சேமநிதியும் சொக்சோவும் கட்ட வேண்டியது முதலாளியின் கடமை. சேமநிதிக் கணக்கை மாதா மாதம் பார்த்துவரச் சொல்லுங்கள்.

"சொந்த லாரியைத் தானே ஓட்டுபவருக்குச் சொக்சோ உண்டா?"

உண்டு. சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சரக்கு ஏற்றும் தொழில் செய்பவர் தம் பெயரில் தாமே சந்தா கட்டலாம். ஒரு டயரின் விலையைப் பார்த்தால் அந்தச் சந்தா பெரிதல்ல.

"ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குச் சரக்கு ஏற்றலாமா?"

உள்நாட்டுப் பெர்மிட் மட்டும் இருந்தால் போதாது. வெளிநாட்டுப் பதிவுள்ள சரக்கு வண்டிகள் உள்ளே வருவதற்கு, சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தனி அனுமதி வேண்டும். சுங்கத் தாள்களும் வேண்டும். பழக்கப்பட்ட கம்பெனியில் சில காலம் வேலை செய்து கற்றுக்கொண்ட பிறகு அதில் இறங்குவது உத்தமம்.

"ஏற்கெனவே குத்தகைப் பெர்மிட்டில் லாரி போட்டுவிட்டோம். இனி என்ன செய்வது?"

முதலில் பதற வேண்டாம். கம்பெனிக்கு நீங்கள் கொடுத்த முன்பணம், தவணை, வாடகை எல்லாவற்றுக்கும் உள்ள ரசீதுகளையும் வங்கித் தாள்களையும் ஒரு கோப்பில் சேருங்கள். இனிமேல் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி மூலமே கொடுங்கள். வங்கிக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். எஸ்.எஸ்.எம்.மில் சிறு கட்டணம் கட்டினால் அந்தக் கம்பெனி நடப்பில் இருக்கிறதா, அதன் இயக்குநர்கள் யார் என்று பார்க்கலாம். பிறகு அந்தக் கோப்போடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதே சமயம், சொந்தப் பெர்மிட்டுக்கு என்ன வேண்டும் என்று ஆப்பாட்டில் விசாரியுங்கள். சொந்தப் பெயருக்கு மாறும் வழி நீளமானதாக இருக்கலாம். இருந்தாலும் ஒவ்வொரு மாதமும் தள்ளிப் போடுவதால் இரவல் பெயரில் இன்னொரு தவணைதான் கட்டப்படுகிறது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

நம் குடும்பங்களில் லாரி வாங்குவதை ஆண்களே பேசி முடிவு செய்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் பாதி, விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடிய தாயின் வியர்வை. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பெரிய சட்டம் எதுவும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. மகனோ கணவரோ தாள்களைக் கொண்டுவந்து கையெழுத்துப் போட உட்காரும்போது, நான்கு தாள்களை மேசைமேல் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். பெர்மிட், கெரான், காப்புறுதி, வங்கி ஒப்பந்தம். நான்கிலும் எழுதியிருக்கும் பெயரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நான்கிலும் உங்கள் வீட்டுப் பெயரோ, உங்கள் வீட்டார் பதிவு செய்த கம்பெனியின் பெயரோ இருந்தால், சாமி கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். ஒன்றில் வேறு பெயர் இருந்தாலும், "அந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். சரியான பதில் வரும்வரை சேமநிதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.